சேதக் கோப்புக்குப் படம் எடுத்துப் பழகிய கண்ணை எப்படி மாற்றுவது?

பழைய யசிக்கா (மல்லாகம்)

வணக்கம். பல மாதங்களாக இந்தப் படக்காரர் மன்றத்தில் வாசிப்பதோடு நின்றுகொண்டவன், முதல் தடவையாக எழுதுகிறேன். கேள்வி சிறியது, முன்கதைதான் நீளம். பொறுமையில்லாதவர்கள் கடைசிப் பந்திக்குப் போய்விடலாம்.

எனக்கு வயது 54. சிறுவயதிலிருந்தே பெரிய இயந்திரங்களில் ஒரு பித்து. மற்றப் பிள்ளைகள் நல்லூர்த் தேர் பார்க்க வேண்டும் என்று அழுவார்கள். நான் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையைப் பார்க்க வேண்டும் என்று அழுவேன். மாமா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போவார். மாவிட்டபுரம் தாண்டும்போதே இலைகளின் நிறம் மாறத் தொடங்கும். பூவரசு, வேம்பு, மா எல்லாம் சாம்பல் பூசியதுபோல நிற்கும். முருங்கனிலிருந்து களிமண் ஏற்றிவரும் ரயில் பெட்டிகளை எண்ணச் சொல்வார். எண்ணி முடிப்பதற்குள் என் கணக்குத் தப்பிவிடும். 1988இல் ஜேர்மனியிலிருந்து பெரியப்பாவின் மகன் ஒரு யசிக்கா எஃப்எக்ஸ்-3 அனுப்பினார். முதல் பிலிம் சுருளில் பாதி தொழிற்சாலைக்கே போனது. வீட்டில் திட்டினார்கள்: "ஒரு மனிசரையாவது எடுத்தாயா?"

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்க, எல்லாம் நின்றது. தொழிற்சாலை நின்றது, ரயிலும் நின்றது. பிறகு வந்த தடைப்பொருள் பட்டியலில் சீமெந்தும் இருந்தது. 1950 முதல் நாட்டுக்கே சீமெந்து கொடுத்த குடாநாட்டில், கிணற்றுக்கட்டு வெடித்தால் பூச ஒரு பைச் சீமெந்து கிடைக்காத காலம் வந்தது. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் கமெரா என்னோடு தென்மராட்சிக்கு வந்தது. படங்களும் நெகட்டிவ்களும் வரவில்லை.

2002இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தபின் மறுபடியும் எடுத்தேன். யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்துக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கில்லை. மேடையில் கூரை கிடையாது. தண்டவாளமும் கிடையாது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. பயணச்சீட்டு யன்னலின் அரைவட்ட வளைவு மட்டும் எஞ்சியிருந்தது. காலை ஏழு மணிக்கு அந்த வளைவுக்குள்ளால் வெயில் வந்து எதிர்ச்சுவரில் ஒரு ரொட்டித் துண்டுபோல விழும். அதற்காகவே ஒரு மாதம் அலைந்தேன். கோட்டைக்குள் ஒல்லாந்தர் தேவாலயத்தின் கற்குவியல், பழைய பூங்காவுக்குப் பக்கத்தில் பழைய கச்சேரியின் (அரச செயலகத்தின்) தூண்கள் எல்லாம் அந்த ஒன்றரை வருடத்தில் எடுத்தவை.

அதன் பிறகுதான் அந்த வேலை கிடைத்தது. போரில் உடைந்த வீடுகளின் சேதத்தைப் பதிவுசெய்யும் ஓர் அலுவலகத்துக்குப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். பெயர் வேண்டாம். ஒரு வீட்டுக்கு நான்கு படம்: முன், பின், இடம், வலம். முன்பக்கப் படத்தில் உரிமையாளர் ஒரு சிலேற்றைப் பிடித்தபடி நிற்க வேண்டும். சிலேற்றில் வெண்கட்டியால் கோப்பு இலக்கம், கிராம அலுவலர் பிரிவு, திகதி எழுதப்பட்டிருக்கும். சுவர் முழுதாகத் தெரிய வேண்டும். கமெரா நேராக இருக்க வேண்டும். நிழல் விழக்கூடாது. மரம் மறைக்கக்கூடாது. சில வயதான பெண்கள், "கொஞ்சம் பொறு மோனை" என்று சொல்லிவிட்டுத் தலை வாரிக்கொண்டு வந்து நிற்பார்கள். கூரையும் கதவும் இல்லாத வீட்டுக்கு முன்னால், குங்குமப்பொட்டை நேராக்கிக்கொண்டு.

ஒரு நாள் தெல்லிப்பழையில் ஒரு வீடு. வளை மட்டும் மிஞ்சியிருந்த கூரைக்குள்ளால் வெயில் இறங்கி, நிலத்து ஓட்டுப் பூக்களின்மேல் கம்பி கம்பியாகக் கிடந்தது. கை சும்மா இருக்கவில்லை, அதை எடுத்துக் கோப்பில் சேர்த்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துச் சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது: "படம் கலைப்படமாக உள்ளது. சேதம் தெரியவில்லை. மீள எடுக்கவும்." எழுதியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது சரிதான், அந்தப் படத்தை வைத்து அந்த வீட்டுக்காரருக்கு ஒரு ஓடுகூடக் கிடைத்திருக்காது. மறுபடி போனேன். உச்சி வெயிலில், நேராக நின்று, நான்கு பக்கமும் எடுத்துக் கொடுத்தேன். அன்றோடு எனக்குள் ஏதோ ஒன்று மடங்கிப் போய்விட்டது. பிறகு 2010இலும் அதே வேலை, இந்தத் தடவை டிஜிற்றல் கமெராவோடு. ஆயிரம் வீடு தாண்டியபின் எண்ணுவதை விட்டேன். அந்த ஒப்பந்தம் முடிந்த அன்று கமெராப் பையை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தவன், பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குக்கூட இறக்கவில்லை.

இந்த வருடம் மருமகன் நாகபட்டினம் கப்பலில் போவதற்காக அவனைக் காங்கேசன்துறையில் இறக்கிவிட்டுத் திரும்பினேன். தைமாதம், காலைப் பனி இன்னும் விலகவில்லை. வேலிக்கு அப்பால் பழைய சீமெந்துத் தொழிற்சாலையின் கொங்கிறீற் உருளைகள் அடிப்பாகம் இல்லாமல் பனிமேல் நின்றன. மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். கையில் கைத்தொலைபேசி மட்டும்தான். அதில் 40 படம் எடுத்தேன். வீட்டில் பாண் வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள், அது பத்தரை மணிக்குத்தான் ஞாபகம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலுமாரிமேல் பை இறங்கியது. யசிக்காவின் தோலுறை உரிந்து தொங்குகிறது, பின்மூடியில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் பஞ்சு உருகிக் கறுப்புப் பசையாகிவிட்டது, லென்ஸுக்குள் பூஞ்சணம் சிலந்திவலைபோலப் படர்ந்திருக்கிறது. ஆனால் நெம்புகோலை இழுத்து அழுத்தினால் "டக்" என்கிறது. மின்கலம் இல்லாமலே வேலைசெய்யும் கமெரா அது. அதன் ஒளிமானிக்கு மட்டும்தான் மின்கலம் வேண்டும். இப்போதைக்குப் பழைய நிக்கோன் டி7000 ஒன்றில் எடுக்கிறேன்.

இனிக் கேள்வி. நான்கு ஞாயிறு தொழிற்சாலைப் பக்கம் போய்விட்டேன். எல்லாம் வெளியே வீதியிலிருந்து, வேலிக்கு இப்பால் நின்று எடுத்தவை. கணினியில் போட்டுப் பார்த்தால் எல்லாமே சேதக் கோப்பு! நேராக, நடுவில், நான்கு பக்கமும். சிலேற்று மட்டும்தான் குறை. சந்தோசம் உண்மையானது, படம் மட்டும் அலுவலகப் படம். இந்தப் பழக்கத்தை எப்படி உதறுவது? நான்கு படங்களை இணைத்திருக்கிறேன். இரண்டாவது படத்தில் மேலே ஒன்றுமில்லாமல் வரிசையாக நிற்கும் தடித்த கால்கள், முடிக்காமல் விட்ட பாலமா? நான்காவதில் ஓட்டுக்கூரைமேல் சாம்பல் நிறத்தில் பொருக்குப்போல இருப்பது என்ன பாசி?

---

கொக்குவில் வெளிச்சம்

அண்ணா, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உதறவே உதறாதீர்கள்.

ஜேர்மனியில் பேர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். 1959 முதல் சேர்ந்து வேலைசெய்தவர்கள். வாழ்நாள் முழுக்க எடுத்தது தண்ணீர்த் தாங்கிகள், உலைக்கோபுரங்கள், சுரங்கத் தூக்கிகள், எரிவாயுத் தொட்டிகள். எல்லாம் உங்களுடைய சேதக் கோப்பு முறைதான். நேராக, நடுவில், முழுதாக, நிழல் இல்லாமல். வெயில் அடித்தால் கமெராவை மடக்கிவிட்டு மேகமூட்டத்துக்குக் காத்திருப்பார்கள். ஒரே வகைக் கட்டடத்தின் படங்களை ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என்று கட்டம் கட்டமாகச் சுவரில் மாட்டுவார்கள். தனியாகப் பார்த்தால் அலுவலகப் படம். சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு தாங்கிக்கும் ஒரு முகம் வந்துவிடும். 1990இல் வெனிஸ் கலைக்கண்காட்சியில் அவர்களுக்குத் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. அதுவும் சிற்பத்துக்கான விருது.

பேர்ன்ட் முதலில் ஓவியர். அவருடைய ஊர்ப்பக்கத்து இரும்புச் சுரங்கம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தபோது, அவர் கை போகும் வேகத்தைவிட வேகமாக அதை இடித்தார்களாம். அதனால்தான் கமெராவைத் தூக்கினார். உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

இப்போது கைவேலை. உங்கள் முதல் படத்தில் உருளைகள் பின்பக்கம் சாய்ந்து விழுவதுபோல இருக்கின்றன. கமெராவை அண்ணாந்து பிடித்திருக்கிறீர்கள். சேதக் கோப்பில் ஒருமாடி வீடுகளை எடுத்ததால் இந்தச் சிக்கல் உங்களுக்கு வந்திருக்காது. பின்னுக்குப் போங்கள். 85 மில்லிமீற்றர் லென்ஸ் இருந்தால் இன்னும் நூறு யார் பின்னுக்கு. கமெராவை மட்டமாக வைத்து, தேவையில்லாத தரையைப் பிறகு வெட்டிவிடுங்கள். முக்காலி, லென்ஸின் துவாரம் எஃப் 8 அல்லது 11, குறைந்த ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு). நம் ஊர் வெயில் ஒன்பது மணிக்கே கொன்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இடையில் வரும் வெள்ளை வானம்தான் நமக்கு வாய்த்த ஜேர்மனி. கடற்காற்றில் உப்பு வரும், லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். முதலில் ஊதுங்கள்.

குடாநாட்டில் இன்னும் எடுக்காத வரிசைகள் எத்தனை! துலாக்கால்கள், ஊருக்கு ஊர் தண்ணீர்த் தாங்கிகள், புகையிலைக் குடில்கள். யாராவது தொடங்க வேண்டும் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நானே தொடங்கவில்லை.

---

கரம்பன் காற்று

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இந்தப் "பாழடைந்த அழகு" என்ற பேச்சே பிடிப்பதில்லை. போர் முடிந்த கையோடு கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் சுற்றுலா பஸ்களை நிறுத்தி எத்தனை பேர் சிரித்துக்கொண்டு படம் எடுத்தார்கள் என்று கண்டவன் நான். இப்போது கூரையில்லாத வீட்டுக்குள் மணமகளுக்குச் சிவப்புச் சேலை கட்டி, புகை போட்டு எடுக்கிறார்கள். அந்த வீட்டில் யார் சமைத்தார்கள், யார் செத்தார்கள் என்று ஒருவருக்கும் கவலை இல்லை. வெளிநாட்டில் ஆலை மூடினால் அது முதலாளியின் கணக்கு. இங்கே யாரும் எதையும் தாமாகக் கைவிடவில்லை.

யசிக்காக்காரர் மோசமானவராகத் தெரியவில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

---

இராப்பணி

தம்பி யசிக்கா, என் பேத்தி உங்கள் படங்களைக் காட்டினாள். அவள்தான் நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிறாள். நான் அங்கே வேலைசெய்தவன். 1971இலிருந்து, உலைப் பகுதியில்.

இரண்டாவது படம் பாலம் அல்ல. வடிவாகப் பாருங்கள், ஒவ்வொரு காலும் முன் காலைவிடக் கொஞ்சம் கட்டை. அதன்மேல் கிடந்ததுதான் உலை. சூளை என்றால் மக்கள் நிமிர்ந்து நிற்கும் ஒன்றை நினைக்கிறார்கள். இது படுத்திருக்கும் உருக்குக் குழாய். உள்ளே தீக்கல் அடுக்கியிருக்கும். மேல்முனையில் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் அரைத்த கலவை போகும், கீழ்முனையில் தீ. குழாய் சாய்வாக இருப்பதால், அது சுழலச் சுழலக் கலவை தானாகக் கீழே உருண்டு வரும். தீ இருக்கும் இடத்தில் 1450 பாகை செல்சியஸ். வெளியே வருவது பாக்களவில் கறுத்த உருண்டைகள், கிளிங்கர் என்போம். அதில் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சீமெந்து. உங்கள் முதல் படத்தில் நிற்கும் உருளைகள் அரைத்ததைச் சேர்த்துவைக்கும் களஞ்சியங்கள்.

கல் பக்கத்திலேயே வெட்டினோம். கீரிமலைப் பக்கம் போனால் அந்தப் பள்ளங்களில் இப்போதும் தண்ணீர் நிற்கும். களிமண் முருங்கனிலிருந்து வந்தது. நீங்கள் எண்ணிய பெட்டிகள் அவைதான்.

உலையைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது சுழல்வது மெதுவாக, நிமிடத்துக்கு ஒன்று ஒன்றரைச் சுற்று. ஆனால் சூடாக இருக்கும்போது நின்றுவிடக்கூடாது. நின்றால் தன் பாரத்திலேயே குழாய் வளைந்துவிடும். அதனால் தீயை அணைத்த பிறகும், குளிரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் போனால் அதற்கென்று வேறு ஓர் எஞ்சின். தீபாவளி என்றாலும் மழை என்றாலும் ஒருவர் நின்று திருப்புவார். அநேகமாக நான். 1990இல் கடைசி நாள் நான் பணியில் இல்லை.

நான்காவது படத்தில் இருப்பது பாசி இல்லை மகன். அது சீமெந்து. தூசி ஓட்டின்மேல் படியும், பனியும் மழையும் பட்டு இறுகும், மறுபடி படியும். நாற்பது வருடப் படிவு. எங்கள் வீட்டு ஓடும் அப்படித்தான் இருந்தது. கூரை ஏறியவன் ஓட்டைத் தனியாகப் பிரிக்க முடியாமல் முழுக்க ஒரே கல்லாகக் கிடக்கிறது என்று இறங்கிவிட்டான். உங்கள் படத்தில் அதைக் கண்டதும் பேத்தியிடம் கைக்கண்ணாடியை எடுத்துவரச் சொன்னேன். கூரை யாருடையது என்று சொல்லமாட்டேன், எனக்குத் தெரியும்.

---

வெண்கோல்

நான் கிளிநொச்சி. எட்டு வருடம் மிதிவெடி அகற்றும் வேலையில் இருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன், அண்ணா கோபிக்க வேண்டாம்.

மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் "அந்தப் பக்கம்தானே" என்று சுற்றிப் போகக்கூடாது. பலகை விழுந்தும் இருக்கலாம். ஊர்ச்சனம் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை இருந்தால் அதில் மட்டும் கால்வையுங்கள். நல்ல கோணம் கிடைக்கிறது என்று பற்றைக்குள் பின்னாலே பின்னாலே நடக்கும் படக்காரரைக் கண்டால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும். மேலே ஒரு தம்பி நூறு யார் பின்னுக்குப் போகச் சொல்கிறார். திரும்பிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவது, கிணறுகள். வளவுக்கு ஒரு கிணறு இருந்த ஊர் இது. கட்டு இடிந்து, கொடி மூடி, தரைபோலவே இருக்கும். என்னோடு வேலைசெய்தவர்களில் வெடியைவிடக் கிணற்றுக்குப் பயந்தவர்கள்தான் அதிகம். பழைய கூரைத் தகடுகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கும், மிதித்து உடைத்துத் தூசியைச் சுவாசிக்காதீர்கள். துறைமுகம், முகாம், காவலரண் இவற்றின் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். படம் எடுக்கும் ஆசைக்காக வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பரந்தன் பக்கம் வந்தால் இரசாயனத் தொழிற்சாலையின் எச்சங்களைப் பாருங்கள். ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இடம். ஆனால் கேட்காமல் உள்ளே போகாதீர்கள்.

---

ஸ்காபரோ தேன்மொழி

அண்ணா, நான் படம் எடுப்பவள் அல்ல. தங்கை இந்த இணைப்பை அனுப்பினாள்.

எங்கள் வீடு வலிகாமம் வடக்கில். அம்மா கலியாணப் படம் எதுவும் எங்களிடம் இல்லை. அப்பா பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய படம் இல்லை. வீட்டின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கோப்பின் பிரதி. அம்மம்மா முன்சுவருக்கு முன்னால் சிலேற்றோடு நிற்கிறார். பின்னால் கதவு நிலை இருக்கிறது, கதவு இல்லை. சுவர் முழுதும் தெரிகிறது, மரம் மறைக்கவில்லை. அதனால் எது சாமி அறை யன்னல், எது குசினிப் பக்கம் என்று அம்மாவால் என் பிள்ளைகளுக்கு விரல் வைத்துக் காட்ட முடிகிறது. யாராவது கலைப்படமாக எடுத்திருந்தால் எங்களுக்குக் குசினி கிடைத்திருக்காது.

ஒன்றைச் சொல்லச் சிரிப்பு வருகிறது. அம்மம்மா சிலேற்றைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். இலக்கத்தை வாசிக்கப் படத்தைத் திருப்ப வேண்டும், அப்போது வீடு தலைகீழாகிவிடும்.

---

பழைய யசிக்கா (மல்லாகம்)

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கரம்பன் ஐயா, புகை போட்டு எடுக்கும் கூட்டத்தை நானும் கண்டிருக்கிறேன். உங்களோடு சண்டை போட எனக்கு மனமில்லை. வீடுகளை நான் இனி எடுக்கப்போவதில்லை. எடுக்க வேண்டிய அளவு எடுத்துவிட்டேன். ஆலை வேறு. அது ஓடியபோதே எனக்குப் பிடித்தது. நின்றபின் மட்டும் அதைப் பார்க்கக்கூடாது என்றால் எனக்கு உடன்பாடில்லை.

தேன்மொழி தங்கச்சி, தலைகீழ்ச் சிலேற்று என்றால் எங்கள் விதிப்படி அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பி மறுபடி எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். யாரோ பார்த்தும் பார்க்காததுபோல விட்டிருக்கிறார்கள். அது நானா என்று கேட்காதீர்கள். அந்த ஒரு வேலைக்குக் குறைந்தது ஏழு பேர் அலைந்தோம். நீங்கள் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன். குசினி என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, மீதியை அவவையே வாசிக்கச் சொன்னேன்.

கொக்குவில் தம்பி, பின்னுக்குப் போனேன். திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனேன், வெண்கோல் தங்கச்சி. நீங்கள் சொன்ன மாதிரியே வீதியோரத்தில் பத்து அடிக்குள் கொடி மூடிய கிணறு ஒன்று. ஒரு பூவரசம் தடியால் குத்திப் பார்த்தேன், தடி போய்க்கொண்டே இருந்தது. கிராம அலுவலரிடம் சொல்லி இப்போது சுற்றி நான்கு கம்பும் சிவப்புத் துணியும் கட்டியாகிவிட்டது. மட்டமாக வைத்து எடுத்ததில் உருளைகள் இப்போது விழவில்லை. ஆனால் வெள்ளை வானத்துக்கு ஐப்பசிவரை யாரால் காத்திருக்க முடியும்? காலை ஆறேகால் மணிக்கு, சூரியன் கடல்மட்டத்தில் இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் எடுக்கிறேன்.

இனி மூன்று வாரக் கதை. இராப்பணி ஐயாவின் பேத்தி எனக்குத் தனிமடல் போட்டாள். ஐயா இப்போது இருப்பது இணுவிலில், என் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். மூன்று ஞாயிறும் அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். வேலிக்கு வெளியே, வீதியில் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருத்தி, கையில் குடை. அவர் விரல் நீட்டிய இடமெல்லாம் நான் லென்ஸைத் திருப்பினேன். "அந்தக் காலுக்கு இந்தப் பக்கம் தேநீர்ப் போத்தல் வைக்கும் மாடம் இருக்கும், தேடு" என்றார். 200 மில்லிமீற்றரில் பார்த்தால், இருந்தது. கொங்கிறீற்றில் கையால் குடைந்த ஒரு குழி. கரண்டியின் தழும்புகூடத் தெரிகிறது. குழியின் உதட்டில் எண்ணெய்க்கறை. யாரோ ஒருவர், அல்லது இருபது பேர், ஒவ்வொரு இரவும் ஒரே இடத்தில் கை வைத்து வைத்து வழவழப்பாகிய ஒரு விளிம்பு. அதைக் கண்டதும் உலைக்கால்களை விட்டுவிட்டு அன்றைய காலை முழுக்க அந்த ஒரு சாண் இடத்தையே எடுத்தேன். நேராக, நடுவில், நிழல் இல்லாமல்.

கூரையைப்பற்றியும் கேட்டேன். சொல்லவில்லை. "அவர்கள் இப்போது பிரான்ஸில்" என்று மட்டும் சொன்னார்.

போன ஞாயிறு, கால்கள் பின்னால் தெரியும்படி அவரையும் ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டேன். கேட்டதும் எழுந்துவிட்டார். குடையை மடக்கிக் கதிரையில் சாத்தினார். வேட்டியைச் சரிசெய்தார். வேலியோரமாகப் போய், எந்தப் பக்கமும் சாயாமல், கைகள் இரண்டையும் நெஞ்சுக்கு நேரே எதையோ பிடிப்பதுபோல வைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. நான் இன்னும் அழுத்தவில்லை என்று கண்டு அவரே கேட்டார்:

"சிலேற்று கொண்டுவரவில்லையா தம்பி?"

படத்தை நாளைக்குப் போடுகிறேன். யசிக்காவின் பின்மூடிக்குப் பஞ்சு கொழும்பிலிருந்து வந்துவிட்டது, ஒட்டத்தான் இன்னும் கை வரவில்லை. பழைய பசையைச் சுரண்டி எடுக்க யாருக்காவது நல்ல வழி தெரிந்தால் எழுதுங்கள். மண்ணெண்ணெய் போட்டால் பெயின்ற் போய்விடுமா?